ஒன் மோர் கேட்காத ஷாட்

இயக்குநர் தமிழ்வேந்தனின் படங்களில் எனக்குப் பிடித்த ஐந்து நடிப்புகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேச முடியுமா என்று ஷர்மிளா போனில் கேட்டபோது, நான் ஆய்வகத்தில் தோல் துண்டு ஒன்றைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகப் பதப்பட்ட தோல் கொதிநீரில் சுருங்காது. அரைகுறையாகப் பதப்பட்டது சுருண்டுவிடும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தினமும் செய்கிற சோதனை. அன்று அது சுருங்கியதா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. இன்னொரு துண்டு வெட்டிப் போட வேண்டியதாயிற்று.

ஷர்மிளா என்னோடு வேலூரில் வேதியியல் படித்தவள். இப்போது அங்கேயே கோட்டை சினிமா வட்டம் என்று ஒன்றை நடத்துகிறாள். தமிழ்வேந்தனின் மூன்று படங்களையும் திரையிட்டு, கடைசி நாளில் அவரையே மேடைக்கு அழைத்திருந்தார்கள். அவர் படத்தில் நடித்த ஷஹீன் பானுவின் மகள் பேசினால் அவரே சந்தோஷப்படுவார் என்றாள். கல்லூரியில் வருகைப் பதிவுக்குக்கூட என் குரல் வெளியே வராது என்பது அவளுக்குத் தெரியும். நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டிருக்க வேண்டும்.

"பேசுறேன்" என்றேன். "அம்மியக் கூட்டினு வரலாமா?"

"அவங்களுக்குப் பொன்னாடையே வாங்கி வெச்சிருக்கோம்டி."

"மஹ்பூபி பூப்பியும் வருவாங்க."

அம்மி என்றால் அம்மா. பூப்பி என்றால் அப்பாவின் அக்கா, அம்மிக்கு ஆப்பா. அவர் எதற்கு என்று ஷர்மிளா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

தமிழ்வேந்தன் பேரணாம்பட்டுக்காரர். எங்கள் பக்கத்துத் தோல் கம்பெனிகளையும் ஷூ கம்பெனிகளையும் வைத்தே படம் எடுப்பவர். நடிகர்களைப் போட மாட்டார். வேலை செய்கிறவர்களையே நடிக்க வைப்பார். அப்படித்தான் ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்த என் அம்மியைத் தேடி வந்தார். அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லாவற்றுக்கும் பூப்பியின் சம்மதம் வேண்டும். பூப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டே சம்மதித்தார். அம்மி வைத்த நிபந்தனை ஒன்றுதான். எந்தக் காட்சியிலும் தலையிலிருந்து துப்பட்டா இறங்கக் கூடாது.

தமிழ்வேந்தன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "உங்க முக்காடு என் பொறுப்பும்மா."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

'பச்சைத்தோல்' படத்தில் அம்மிக்கு ஒரு மகன் உண்டு. கதைப்படி அவன் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்துவிடுவான். செய்தி கேட்டு அம்மி ஓட வேண்டும். மூடிக் கிடந்த ஒரு பழைய தோல் கம்பெனியில், படத்துக்கென்று சுண்ணாம்பு கரைத்து வைத்த தொட்டியை நோக்கி, காலையிலிருந்து ஓடினாள். ஒவ்வொரு முறையும் தமிழ்வேந்தன் "ஒன் மோர்" என்றார். முட்டி வலிக்காரி பஸ் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். அம்மியும் சிரித்தாள். மதியம் சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

அம்மி பின்பக்கக் குழாயில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வெறுங்காலோடு ஓடி வந்தார். ஒரு கை முழங்கை வரை நனைந்து சொட்டியது. அம்மா, ஓடியாங்க, காஷிஃப் தொட்டியில விழுந்துட்டான் என்றார். காஷிஃப் என் தம்பி. படப்பிடிப்பு பார்க்கவென்று அம்மியோடு போயிருந்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது.

அம்மி ஓடினாள். தோல் காயப்போடும் கம்பங்களில் கொக்கிகள் இருக்கும். துப்பட்டா அவற்றில் ஒன்றில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. தொட்டியின் விளிம்பில் குப்புற விழுந்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, காஷிஃப் காஷிஃப் என்று கத்தினாள். காஷிஃப் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். தமிழ்வேந்தன் கை தட்டிக்கொண்டே வந்து சொன்னார்:

"ஒன் மோர் வேணாம்மா. இதான்."

அம்மியின் வலது கையில் முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து போனது. பிறகு கல்லூரியில் சுண்ணாம்பின் காரத்தன்மை பற்றிய பாடம் வந்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போனேன்.

அந்த ஓட்டத்தை அவர் படத்தில் வைத்தார். துப்பட்டா இல்லாத முகத்தைச் சுவரொட்டியில் போட்டார். படத்துக்கு விருது கிடைத்தது. ஒரு பேட்டியில், துப்பட்டாவை நழுவ விடுவது ஷஹீன் அம்மா தானாகச் சொன்ன யோசனை, பிறவி நடிகை அவர் என்றார். பேட்டியைப் பூப்பியும் பார்த்தார். மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தார்.

"நீயே சொல்லி எறக்கினியாமே. என் தம்பி இருந்திருந்தா செஞ்சிருப்பியா?"

அம்மி நடந்ததைச் சொன்னாள். கையைக் காட்டினாள். பூப்பி அதைப் பார்க்கவே இல்லை.

"படத்துல நடிச்சவளுக்கு வீட்ல நடிக்கத் தெரியாதா இன்னா?"

இந்த ஒரு வரி எங்கள் சொந்தக்காரர்கள் வீடெல்லாம் போனது. யாராவது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மி கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். தெருவில் பையன்கள் அவளைக் கண்டால் காஷிஃப் என்று அவள் குரலிலேயே கத்துவார்கள். காஷிஃப் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். அம்மி யாரிடமும் மறுபடி விளக்கவில்லை. தமிழ்வேந்தனிடம் போய்க் கேட்கவும் இல்லை. ஷூ தைத்தாள், சமைத்தாள், வீட்டுக்குள்ளும் துப்பட்டாவுக்கு ஊசி குத்த ஆரம்பித்தாள்.

நான் படித்தேன். தமிழ்வேந்தன் படங்களின் சிறந்த நடிப்புகள் என்று யார் எழுதினாலும் தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் முதல் இடம் அந்த ஓட்டத்துக்கே. துப்பட்டாவைத் துறக்கும் அந்தக் கணம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்திய சினிமாவில் ஒரு பெண் எடுத்த மகத்தான முடிவு என்று இன்னொருவர்.

தமிழ்வேந்தனின் பேட்டிகளையும் விடாமல் பார்த்தேன். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் எவ்வளவு திட்டினாலும் சிரிப்பார். ஆனால் அவர் வேலை செய்த விதத்தை யாராவது தப்பாகச் சொன்னால் பொறுக்க மாட்டார். ஒரு காட்சியை மாலை வெளிச்சத்தில் எடுத்ததாக ஒரு தொகுப்பாளர் பாராட்டியபோது, மைக்கை வாங்கி, அது விடியற்காலை, பாலாற்றுப் பக்கம் பனி இருந்தது, அதற்காகவே மூன்று நாள் காத்திருந்தேன் என்று திருத்தினார். பாராட்டினால்தான் திருத்துவார். குற்றம் சொன்னால் வாயைத் திறக்க மாட்டார்.

அதனால் நான் பாராட்டுவது என்று முடிவு செய்தேன்.

விழாவுக்குப் போக அம்மி ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. நீ ஒன்றும் பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்றேன். என் முகத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றாள். பூப்பியை அழைக்கச் சிரமமே இல்லை. மேடையில் பொன்னாடை, அதன் பிறகு பிரியாணி என்றதும் புறப்பட்டுவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அம்மிக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார்:

"ஊசி நல்லா குத்தினாளா பாரு. மேடையப் பாத்தா உங்கம்மிக்கு எறங்கிக்கும்."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அம்மி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் என் பேச்சை முதலிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. மாணவர்கள் ஜாஸ்தி. தமிழ்வேந்தன் வெள்ளைச் சட்டையில், கயிறு கட்டிய பழுப்பு ஷூவோடு மேடை நடுவில் உட்கார்ந்திருந்தார். அம்மிக்குப் பொன்னாடை போர்த்தி, கால் தொடுவது போலக் குனிந்து நிமிர்ந்தார். கைதட்டல். அம்மி இறங்கி வந்து முதல் வரிசையில் பூப்பிக்கு அருகில் உட்கார்ந்தாள்.

ஷர்மிளா என்னை அழைத்தாள். பேச்சு மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஐந்தாவது இடத்தை 'மேல்பட்டி கேட்' படத்தின் கோவிந்தசாமிக்குக் கொடுத்தேன். நிஜமாகவே ரயில்வே கேட் வேலை பார்த்தவர். மகன் ஊரை விட்டுப் போவதைச் சொல்லும் காட்சியில், சாப்பிடுவதை நிறுத்தாமல் பேசுவார். தொண்டை அடைப்பது சோற்றாலா வேறெதாலா என்று நமக்குத் தெரியாது. நான்காவது, 'இரண்டாவது சங்கு' படத்தின் மேற்பார்வையாளர். ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போது தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார், எதிரே இருப்பவர் முகம் தெரியாமல் இருக்க. மூன்றாவது, அதே படத்தில் பீடி சுற்றும் பெண். சாவு வீட்டில் சிரிப்பு வந்துவிட, அதை இருமலாக மாற்றுவாள்.

இவற்றைப் பொய்யாகச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே பிடித்தவை. அவர் திறமைசாலி. அது எனக்கு எப்போதும் எரிச்சலாகவே இருந்தது.

இரண்டாவது இடம் என் அம்மிக்கு என்றேன். அரங்கில் சலசலப்பு. ஓடும் காட்சிக்காக அல்ல என்றேன். 'பச்சைத்தோல்' தொடக்கத்தில் அம்மி மெஷினில் தைத்துக்கொண்டிருப்பாள். மேற்பார்வையாளர் பின்னால் நின்று கேவலமாகத் திட்டுவார். அம்மி நிமிர மாட்டாள், தையலை நிறுத்தவும் மாட்டாள். மெஷினின் வேகம் மட்டும் குறையும். திட்டு முடிந்ததும் பழைய வேகத்துக்கு வரும். கோபம் முழுவதும் காலில் இருக்கும். அதைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

"அங்கதான் அம்மி நடிச்சாங்க" என்றேன்.

தமிழ்வேந்தன் தலையசைத்தார். அம்மி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சிறிய துண்டுக் காட்சி ஒன்றைப் போடச் சொன்னேன். அம்மி வாசலில் நின்று மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். ஒலியில் காஷிஃப் என்று வருகிறது. ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார்கள். உதடுகள் இரண்டு முறை மூடித் திறக்கின்றன. காஷிஃப் என்று சொல்ல உதடுகள் அப்படி மூட வேண்டியதில்லை. பாபு என்றால் மூட வேண்டும். படம் எடுக்கும்போது அந்தப் பையனின் பெயர் வேறாக இருந்திருக்க வேண்டும் என்றேன்.

அவர் மைக்கை எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது.

"இத யாரும் புடிக்கல பாப்பா, நீ புடிச்சிட்ட. ஸ்க்ரிப்ட்ல பாபுதான். அந்த ஓடுற சீன்ல அம்மா சொந்தப் பையன் பேரச் சொல்லிக் கத்திட்டாங்க. அத எப்டி விடறது? டப்பிங்ல படம் பூராவும் பேர மாத்திட்டேன்."

பெரிய கைதட்டல். அது அடங்கும்வரை நின்றேன்.

முதல் இடம் ஓடியவருக்கு இல்லை, ஓட வைத்தவருக்கு என்றேன். தமிழ்வேந்தன் சாரின் படங்களிலேயே மிகச் சிறந்த நடிப்பு அவருடையதுதான். அது திரையில் வராதது ஒரு இழப்பு. அன்று மதியம் அவர் அழுதுகொண்டே ஓடி வந்தார், உங்கள் பையனை லாரி அடித்துவிட்டது என்று அம்மியிடம் சொன்னார், அம்மி அப்படியே நம்பிவிட்டாள். இப்படி நடிக்கத் தெரிந்தவர் நடிக்காமல் இருப்பது நியாயமா என்று கேட்டேன்.

மாணவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கை மைக்குக்குப் போய்விட்டது.

"லாரி இல்ல பாப்பா. லாரின்னா அவங்க ரோட்டுக்கு ஓடுவாங்க. எனக்குத் தொட்டிக்கு இல்ல ஓடணும்? தொட்டியில விழுந்துட்டான்னேன். அழவும் இல்ல. அழுதா சந்தேகம் வந்துரும். கைய முழங்கை வரைக்கும் சுண்ணாம்புத் தண்ணியில முக்கினு போனேன். அந்த வாசனை வேணும். தூக்கப் பாத்தேன், முடியலன்னு அவங்களே நெனச்சிக்கணும்."

இந்த முறை சிரிப்பு பின்வரிசையில்தான் வந்தது. அதுவும் சீக்கிரம் நின்றது.

"கேமரா ஓடுறது அம்மிக்குத் தெரியும் இல்ல சார்?"

"எப்டிம்மா தெரியும்? தெரிஞ்சா நடிச்சிருப்பாங்களே. சுவத்துல ஓட்டை போட்டு, பின்னாடி வெச்சி..."

அங்கே நிறுத்தினார். தன் குரல் அரங்கத்தில் திரும்பி வந்ததை அப்போதுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். ஷர்மிளா கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிக்கொண்டு வந்ததில் இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது.

"அப்போ துப்பட்டா, சார்? கேமரா இருக்கறதே தெரியாதவங்க, துப்பட்டாவ விடறேன்னு உங்ககிட்ட எப்போ சொன்னாங்க?"

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். மூடியைத் திருகினார். நான் காத்திருந்தேன். அரங்கமும் காத்திருந்தது.

"கொக்கியில மாட்டிக்கிச்சு" என்றார். மைக் அவர் மடியில் இருந்தது.

"மைக்ல சொல்லுங்க சார்."

மைக்கை எடுத்துச் சொன்னார். "கொக்கியில மாட்டிக்கிச்சு."

நான் பூப்பியைப் பார்த்தேன். அதற்காகவே ஆம்பூரிலிருந்து அவரை அழைத்து வந்திருந்தேன். பூப்பி தன் கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார். பிறகு முதல் முறையாகக் குனிந்து அம்மியின் வலது கையைப் பார்த்தார். அம்மி கையை இழுத்துப் பொன்னாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

தமிழ்வேந்தன் கலை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். உண்மைக்காகச் சில சமயம் என்றார். ஷஹீன் அம்மாவே பெருமைப்படுவார் என்றார். என் திட்டம் கொக்கியோடு முடிந்திருந்தது. என் இடத்துக்குத் திரும்பலாம் என்று காகிதத்தை மடித்தபோது, அம்மி எழுந்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. பொன்னாடையை நாற்காலியில் வைத்துவிட்டு மேடையின் விளிம்பு வரை வந்தாள். ஒரு மாணவன் கீழே இருந்த மைக்கை நீட்டினான்.

"எனக்கு ஒன்னும் கேக்கறதுக்கு இல்ல சார்" என்றாள். "அன்னைக்கி சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. நான் உங்க நடிப்ப சரியா பாக்கல. ஓடிட்டேன்."

"அம்மா, அது எதுக்கும்மா இப்ப."

"என் பொண்ணு முதல் இடம்னு சொல்லுதே. பாக்கணும்."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பல போன்கள் உயர்ந்திருந்தன. அவர் எழுந்து, கும்பிடுவது போலக் கைகளைச் சேர்த்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, ஓடியாங்க. பையன் தொட்டியில விழுந்துட்டான்."

அம்மி மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

"ஒன் மோர்" என்றாள்.

அவர் ஷர்மிளாவைப் பார்த்தார். ஷர்மிளா என்னைப் பார்த்தாள். நான் யாரையும் பார்க்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். குரல் பாதியில் உடைந்தது.

"என் புள்ளைக்குப் பேரு இருக்கு. பேரோட சொன்னீங்க அன்னைக்கி. ஒன் மோர்."

பூப்பி எழுந்து வந்து அம்மியின் தோளைத் தொட்டார். "போதும் ஷஹீன். வா, போலாம்" என்றார். அந்தக் குரலில் அவர் அம்மியிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

"உக்காருங்க ஆப்பா. இன்னும் முடியல."

பூப்பி உட்கார்ந்தார்.

"காஷிஃப் தொட்டியில விழுந்துட்டான்" என்றார் தமிழ்வேந்தன். கண் கலங்கியிருந்தது. நிஜமா நடிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

அம்மி தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். கம்பெனியில் தையல் கோணலாகப் போன ஷூவைத் தூக்கிப் பார்ப்பதும் அப்படித்தான்.

"ஓடி வர்ற மாதிரியே இல்ல சார். அன்னைக்கி வெறுங்காலோட வந்தீங்க. ஷூவக் கழட்டிட்டு வாங்க. அங்க இருந்து வாங்க." மேடையின் ஓரத்தைக் காட்டினாள். "ஒன் மோர்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் ஒன் மோர் என்றது. பிறகு இன்னொன்று. யாரும் கத்தவில்லை. கடையில் பொருள் கேட்பது போல அமைதியாகக் கேட்டார்கள்.

மைக்கை நாற்காலியிலேயே விட்டுவிட்டு அவர் மேடையின் ஓரத்துக்கு நடந்தார். அங்கே நாற்காலி இல்லை. ஒரு காலை மடித்து மண்டியிட்டு, ஷூவின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். அவசரத்தில் தவறான முனையை இழுத்துவிட்டார் போலிருக்கிறது. முடிச்சு இறுகிவிட்டது. நகத்தால் நெம்பினார். யாரும் உதவிக்குப் போகவில்லை.

நான் பேச்சு மேசையிலிருந்த மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், குனிந்திருந்த அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.